மங்கிய திரையும் மறைந்த அளவும்



பழைய மடிக்கணினி ஒன்றிலே லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை நிறுவியபின், திரையிற் காணும் எழுத்துகள் பருத்தும் மங்கியும் தோன்றுவது ஏன், அதனைச் சீர்செய்யும் வழி யாது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருளாகும். இலக்கியமும் வரலாறும் கற்பித்து வந்த ஒருவர் இயந்திரத்தைப் பற்றிப் பேச முன்வருவது எதற்காக என்று சிலர் எண்ணக்கூடும். பாடசாலை அதிபர் ஒருவருக்குக் கூரையின் ஒழுக்கு முதல் கணினி அறையின் பூட்டு வரை எல்லாமே பொறுப்புத்தான். அன்றியும், இந்த விடயத்திலே பொறியியல் அறிவைக் காட்டிலும் பொறுமையே மிகுதியும் வேண்டப்படுகின்றது.

முதலில் இதனை இப்பொழுது பேசவேண்டிய காரணத்தைச் சொல்லிவிடுகின்றேன். மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு வழங்கிவந்த வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் முடிவுற்றது. அதற்கு அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11 கேட்கும் தகைமைகள் பல பழைய மடிக்கணினிகளுக்கு இல்லை. புதியதொன்றை வாங்கலாமே என்றால், 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் நம் நாட்டில் அது எளிதான காரியமாக இல்லை என்பதை எல்லாரும் அறிவோம். ஆகவே, விலையின்றிக் கிடைப்பதும் பழைய இயந்திரங்களிலும் இயங்கவல்லதுமான லினக்ஸைப் பலர் நாடுகின்றனர். 1991ஆம் ஆண்டிலே பின்லாந்து நாட்டு மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் தொடக்கிவைத்த அம்முயற்சி இன்று உலகமெங்கும் பரந்து நிற்கின்றது.

நிறுவும் வேலை பெரும்பாலும் இடையூறின்றி நடந்துவிடும். ஆனால் சில இயந்திரங்களில், எல்லாம் முடிந்து திரை ஒளிரும்போது ஒரு குறை புலப்படும். எழுத்துகள் பெரிதாய், ஓரம் மழுங்கி நிற்கும். வட்டமாக இருக்கவேண்டியது முட்டைபோல் அகன்று காணும். ஒரு பெட்டி திறந்தால் அதன் அடிப்பகுதியிலுள்ள பொத்தான் திரைக்கு வெளியே போய்விடும். அமைப்புகளைத் திறந்து பார்த்தால் 800 × 600, அல்லது 1024 × 768 என்னும் அளவு மட்டுமே அங்கே காணப்படும். வேறொன்றைத் தெரிவுசெய்ய இடமிராது. இதைக் கண்டவர்கள், "திரை போய்விட்டது, இனி இது உதவாது" என்று முடிவு கட்டிவிடுகின்றனர். இந்த முடிவு பெரும்பாலும் தவறானது என்பதை விளக்குவதே என் நோக்கம்.

மடிக்கணினியின் திரை எண்ணற்ற நுண்ணிய சதுரங்களால் ஆனது. பிக்சல் எனப்படும் அச்சதுரங்களின் தொகை தொழிற்சாலையிலேயே நிலையாக வகுக்கப்பட்டுவிடும். அதனைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. சென்ற பதினைந்து ஆண்டுகளில் நாம் மிகுதியாகக் கண்ட திரையில் குறுக்கே 1366, நெடுக்கே 768 சதுரங்கள் உள்ளன. பெருக்கினால் 10,49,088 ஆகும். அத்தகைய திரைக்குக் கணினியானது 800 × 600 அளவில் ஒரு படத்தை அனுப்புமாயின், வந்து சேருபவை 4,80,000 புள்ளிகளே. பாதிக்கும் குறைவான அச்சரக்கைக் கொண்டு முழுத் திரையையும் நிரப்பவேண்டி, ஒவ்வொரு புள்ளியும் இழுத்து நீட்டப்படுகின்றது. குறுக்குவாட்டில் இழுவை அதிகமாதலால், வட்டம் தன் உயரத்தினும் மூன்றிலொரு பங்கு அகன்று தோன்றுகின்றது. மங்கலுக்கும் முட்டை வடிவத்துக்கும் காரணம் இதுவே.

தமிழ் படிப்போருக்கு இதனால் நேரும் இடர் தனியானது. ஆங்கில எழுத்துகள் சற்று மங்கினாலும் வாசித்துவிடலாம். தமிழிலோ, தலைமேல் நிற்கும் ஒரு சிறு புள்ளி மெய்யெழுத்தையும் உயிர்மெய்யையும் வேறுபடுத்துகின்றது. பனையோலைச் சுவடிகளில் புள்ளியிடாது எழுதுவதே வழக்கமாய் இருந்தது. அவற்றைப் பரிசோதித்து அச்சேற்றிய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை போன்ற பெரியோர், எங்கே மெய், எங்கே உயிர்மெய் என்று துணிவதற்குப் பட்ட பாடு சிறிதன்று. அந்தப் புலமை வாய்க்காத ஆறாம் வகுப்புப் பிள்ளையை, புள்ளி தெரியாத திரையொன்றின் முன் இருத்திப் பாடம் படிக்கச் சொல்வது முறையாகாது. ஆதலால் இதனை வெறும் அழகுக் குறையென்று ஒதுக்கிவிடவும் இயலாது.

திரைக்குத் தன் அளவு தெரியும். கணினிக்கு அது தெரியாமற் போவது ஏன் என்பதுதான் கேள்வி. இதற்கு விடை காண, இரண்டுக்குமிடையே உள்ள தொடர்பை அறிதல் வேண்டும். அது மூன்று கண்ணிகளைக் கொண்ட சங்கிலி எனலாம்.

முதற்கண்ணி, திரை தானே தன்னைப்பற்றித் தரும் குறிப்பு. ஈ.டி.ஐ.டி. எனப்படும் அது 128 பைட் அளவினதாகிய சிறு சாசனம். வீசா என்னும் தொழில் அமைப்பு 1994ஆம் ஆண்டில் இதனை வகுத்தது. என் அளவு இது, நான் விநாடிக்கு இத்தனை முறை புதுப்பிக்கப்படவேண்டும் என்னும் செய்திகள் அதிலே அடங்கும். இரண்டாங்கண்ணி, கேர்னல் எனப்படும் லினக்ஸின் உட்கருவிலே வரைகலைச் சில்லை நடத்தும் இயக்கி. சாசனத்தை வாசித்துத் திரையின் அளவை நிர்ணயிப்பது அதன் பணி. இன்டெல் சில்லுகளுக்கு இப்பணி 2009ஆம் ஆண்டிலே கேர்னலின் பொறுப்பாயிற்று. ஏனைய சில்லுகளும் பின்னர் அம்முறைக்கு வந்தன. மூன்றாங்கண்ணி, நாம் கண்ணாற் காணும் மேசைத்தளம். அது கேர்னல் சொல்லும் அளவுகளைப் பட்டியலிட்டுக் காட்டுமே தவிர, தானாக எதையும் படைப்பதில்லை.

இவற்றுள் ஏதேனுமொரு கண்ணி அறுந்தால், கணினி எந்தத் திரைக்கும் பொருந்தக்கூடிய பொதுவான சிறிய அளவொன்றைத் தெரிந்தெடுத்துக்கொள்ளும். ஊர் பேர் தெரியாத விருந்தாளிக்குப் பொதுவான உணவைப் பரிமாறுவது போன்றது அது. ஆகவே, மங்கிய திரையைக் கண்டவுடன் அளவை வலிந்து மாற்ற முனையாது, எந்தக் கண்ணி அறுந்ததென்று முதலில் விசாரித்தல் வேண்டும். இன்றைய பேச்சில் நீங்கள் நினைவிற் கொள்ளவேண்டியது ஒன்றே ஒன்றாயின், அது இதுதான்.

விசாரணையை எங்கிருந்து தொடங்குவது? மிக எளிய காரணத்திலிருந்து தொடங்குவோம். லினக்ஸை நிறுவும்போது சில இயந்திரங்களில் திரை முற்றாக இருண்டுபோவதுண்டு. அப்பொழுது "பாதுகாப்பான வரைகலை" என்னும் வழியைத் தெரிவுசெய்து நிறுவுகின்றனர். அவ்வழி, தொடக்கக் கட்டளையின் இறுதியில் நோமோட்செட் என்னும் சொல்லைச் சேர்த்துவிடும். ஆங்கிலத்திலே ஒன்பது எழுத்துகள் இடைவெளியின்றி எழுதப்படும் சொல் அது. இயக்கியே, நீ திரையின் அளவில் தலையிடாதே என்பது அதன் பொருள். வீட்டைக் கட்டி முடித்தபின்னும் சாரத்தை அவிழ்க்காமல் விட்டதுபோல், நிறுவல் முடிந்தபின்னும் அச்சொல் அங்கேயே தங்கிவிடுகின்றது. இயக்கி நல்ல நிலையில் இருந்தும் வாய் திறக்க வழியில்லை.

இதனைப் பரிசோதிப்பதில் எவ்வித ஆபத்தும் இல்லை. கணினி தொடங்கும் வேளையில், பழைய இயந்திரமாயின் ஷிப்ட் விசையை அழுத்திப் பிடித்தும், சற்றுப் பிந்தியதாயின் எஸ்கேப் விசையைத் தட்டியும், கிரப் எனப்படும் தொடக்கப் பட்டியலை வரவழைக்கலாம். அங்கே ஆங்கில ஈ எழுத்தை அழுத்தினால் கட்டளைகள் தோன்றும். லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் இறுதியில் அச்சொல் இருக்குமாயின், அழித்துவிட்டு எப்.10 விசையை அழுத்துங்கள். இம்மாற்றம் அந்த ஒரு தடவைக்கு மட்டுமே செல்லும். திரை தெளிந்தால் நோயை அறிந்தோம். இருண்டால், கணினியை நிறுத்தி மீண்டும் தொடக்கினாற் பழைய நிலை வந்துவிடும். தெளிந்தது உறுதியான பின்னரே, ஈ.டி.சி. கோப்புறையின் உள்ளே டிபோல்ட் என்னும் உட்கோப்புறையிலுள்ள கிரப் கோப்பில் அச்சொல்லை நிலையாக நீக்குதல் வேண்டும். டெபியன், உபுண்டு வகைகளில் அதன்பின் அப்டேட்-கிரப் என்னும் கட்டளையையும் இடவேண்டும்.

அச்சொல் அங்கே இல்லையாயின், இரண்டாங்கண்ணியை இன்னும் நுணுகிப் பார்க்கவேண்டும். எல்.எஸ்.பி.சி.ஐ. என்னும் கட்டளையை எழுதி, இடைவெளி விட்டு, சிறு கோடும் கே எழுத்தும் சேர்த்து இட்டால், இயந்திரத்தின் உறுப்புகளும் அவற்றை நடத்தும் இயக்கிகளும் வரிசையாகத் தோன்றும். வரைகலைச் சில்லின் கீழ் இயக்கியின் பெயர் இல்லையேல், குறை எங்கேயென்று தெரிந்துவிட்டது.

இயக்கி இல்லாமைக்குக் காரணம் சில்லுக்குச் சில்லு வேறுபடும். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரேடியன் சில்லுகள் தம் வேலையைத் தொடங்குமுன் நிலைப்பொருள் எனப்படும் ஒரு சிறு கோப்பை எதிர்பார்க்கின்றன. டெபியன் அமைப்பினர் தம் சுதந்திர மென்பொருட் கொள்கை காரணமாக அத்தகைய கோப்புகளை அதிகாரபூர்வ நிறுவியிற் சேர்க்காதிருந்தனர். 2022இல் வாக்கெடுப்பு நடத்தி அவ்வழக்கத்தை மாற்றினர். 2023 ஜூன் மாதம் வெளியான டெபியன் 12 முதல் அவை சேர்ந்தே வருகின்றன. அதற்கு முந்திய பதிப்பை நிறுவியோர், நிலைப்பொருட் பொதியைத் தனியே நிறுவினாற் போதும்.

என்விடியா சில்லுகளின் கதை வேறு. அந்நிறுவனம் தன் பழைய சில்லுகளுக்கான இயக்கிகளை ஒரு காலத்துக்குப் பின் கைவிட்டுவிடுகின்றது. 340 என்னும் தொடர் 2019ஆம் ஆண்டின் இறுதியிலும், 390 என்னும் தொடர் 2022ஆம் ஆண்டின் இறுதியிலும் ஆதரவை இழந்தன. நேற்றுவரை தெளிவாயிருந்த திரை, கேர்னலைப் புதுப்பித்த மறுநாள் மங்கிவிட்டது என்று சொல்வோர் பலர் இவ்வகையினரே. புதிய கேர்னலோடு பழைய இயக்கி ஒட்டாமையே அதற்குக் காரணம். நிறுவனத்தின் அந்த இயக்கியை நீக்கிவிட்டு, தொண்டர்கள் ஆக்கிய நூவோ என்னும் திறந்த இயக்கிக்கு இடம் விடுவது தக்க வழியாகும். வேகம் குறையக்கூடும். எழுத்து வேலைக்கும் பாட வேலைக்கும் அது தடையன்று.

இன்னும் சில சில்லுகள் பிறவியிலேயே சிக்கலானவை. இன்டெல் நிறுவனத்தின் பெயரில் வந்த ஜி.எம்.ஏ. 500 என்னும் சில்லு, உண்மையில் வேறொரு நிறுவனத்தின் பவர்விஆர் எனப்படும் வடிவமைப்பைக் கொண்டது. இன்டெலின் வழக்கமான இயக்கி அதனை நடத்தமாட்டாது. சிறு மடிக்கணினிகள் சிலவற்றில் அது அமைந்திருந்தமையால், அவற்றை வாங்கியோர் பல ஆண்டுகள் மங்கிய திரையோடு அல்லலுற்றனர். 2012இல் அதற்குரிய இயக்கி கேர்னலின் முறையான பகுதியாயிற்று. முப்பரிமாண வேகத்தை அது தருவதில்லையாயினும், திரையின் அளவைச் சரியாகத் தருகின்றது. பழைய இயந்திரத்துக்குப் பழைய லினக்ஸே பொருந்தும் என்பார் சிலர். அது எப்பொழுதும் உண்மையன்று என்பதற்கு இச்சில்லு சான்று.

இயக்கி நன்றாக இயங்கியும் அளவு குறைவாகவே இருந்தால், முதற்கண்ணியே அறுந்திருக்கின்றது. திரையின் சாசனம் சிதைந்திருக்கலாம், அல்லது வாசிக்க முடியாதிருக்கலாம். இங்கேதான் எக்ஸ்ரேண்டர் என்னும் கட்டளை உதவும். எக்ஸ் எனப்படும் பழைய திரை அமைப்பில் நுழைந்து அதனை இட்டால், திரையின் பெயர் எல்.வி.டி.எஸ். என்றோ ஈ.டி.பி. என்றோ தோன்றும். அப்படித் தோன்றாது, டிபோல்ட் என்றோ அன்னோன் என்றோ காணப்படின், இன்னும் இயக்கியே இயங்கவில்லை என்பது பொருள். அந்நிலையில் இக்கட்டளையால் யாதொரு பயனும் விளையாது. பலர் இதனை அறியாமல், எடுத்த எடுப்பிலேயே எக்ஸ்ரேண்டரை இட்டுப் பார்த்து, பிழைச்செய்தி கண்டு மனமுடைந்துபோகின்றனர்.

பெயர் சரியாகத் தோன்றினால், சி.வி.டி. என்னும் கட்டளைக்குத் திரையின் அகலத்தையும் உயரத்தையும் கொடுத்து, அதற்குரிய கணக்கு வரியைப் பெறலாம். அவ்வரியைப் புதிய அளவாக எக்ஸ்ரேண்டருக்கு அறிவித்து, திரையோடு சேர்த்து, பின் தெரிவுசெய்தல் வேண்டும். இதிலே ஒரு நுட்பம் உண்டு. சி.வி.டி. கட்டளை, எட்டால் மீதியின்றி வகுபடும் அகலத்தையே ஏற்கும். 1366 அவ்வாறு வகுபடாது. ஆதலின் 1366 கொடுத்தால் 1368 என்று விடை வரும். திரையில் இல்லாத இரண்டு நிரல்களைக் கேட்டால் திரை மறுக்கவும் கூடும். அப்பொழுது 1360 × 768 என்று கொடுத்துப் பார்க்கலாம். ஆறு நிரல்களின் குறை கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. இவ்வாறு செய்த மாற்றம் கணினியை நிறுத்தியதும் மறைந்துவிடும். ஆகவே, சரியென்று கண்டபின் அவ்வரிகளைத் தொடக்கத்தில் தானே இயங்கும்படி எழுதிவைத்தல் வேண்டும். வேலண்ட் எனப்படும் புதிய திரை அமைப்பிலே எக்ஸ்ரேண்டர் இவ்வாறு செயற்படாது. அங்கே, தொடக்கக் கட்டளை வரியில் வீடியோ என்னும் சொல்லோடு திரையின் பெயரையும் அளவையும் குறிப்பதே வழி.

இவ்வேலைகளின் நடுவே, பொத்தான் திரைக்குக் கீழே மறைந்துபோனாற் கலங்கவேண்டாம். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு சுட்டியால் அப்பெட்டியைப் பிடித்து மேலே இழுக்கலாம். சில மேசைத்தளங்களில் ஆல்டுக்குப் பதிலாக விண்டோஸ் அடையாளமுள்ள விசை அவ்வேலையைச் செய்யும்.

எங்கள் பாடசாலையில் நிகழ்ந்த ஒன்றை இங்கே கூறுவது பொருந்தும். பழைய மாணவர்கள் அன்போடு வழங்கிய ஐந்து மடிக்கணினிகளில் லினக்ஸ் நிறுவப்பட்டது. மூன்றிலே திரை மங்கிற்று. அவற்றைப் பார்வையிட்ட ஒருவர், "திரை பழுது" என்று தாளில் எழுதி மூன்றின்மேலும் ஒட்டிவிட்டுப் போனார். ஆண்டிறுதியில் பாவனைக்கு உதவாத பொருட்களைக் கழிக்கும் பட்டியலிலும் அவை இடம்பெற்றன. என் கையொப்பம் ஒன்றே எஞ்சியிருந்தது. அவ்வேளையிலே உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி வந்து, "சேர், இதிலே கீறின வட்டம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அகண்டு தெரியுது. பழுதான திரை இவ்வளவு ஒழுங்காகப் பிழைவிடுமா?" என்று கேட்டாள். அது நியாயமான கேள்வி. உடைந்த திரையில் கோடு விழும், கறை படரும், ஒரு பகுதி இருளும். முழுத்திரையும் ஒரே சீராக அகன்று தோன்றினால், குறை அனுப்பப்படும் படத்திலேயே இருத்தல் வேண்டும்.

பட்டியலில் ஒப்பமிடுவதை ஒரு வாரம் தள்ளிவைத்தேன். இரண்டு மடிக்கணினிகளில் நோமோட்செட் என்னும் அச்சொல்லே தங்கியிருந்தது. அதனை நீக்கியதும் 1366 × 768 தானாகவே வந்து நின்றது. மூன்றாவதன் சில்லுக்கு உகந்த இயக்கி கிடைக்கவில்லை. அது 1024 × 768 அளவோடு நூலகத்தில் நூற்பட்டியலைப் பார்க்க உதவுகின்றது. ஐந்தில் மூன்று கழிபட இருந்தது, ஐந்தும் வேலை செய்வதாயிற்று. அதற்கு ஆன செலவு ஒரு மாணவியின் சில பிற்பகல்கள் மட்டுமே.

எல்லா இயந்திரத்தையும் இவ்வாறு மீட்கலாம் என்று நான் சொல்லவரவில்லை. சில திரைகள் உண்மையிலேயே சிறிய அளவின. 2007இல் வெளிவந்த முதலாவது ஏசஸ் ஈ பிசியின் திரை 800 × 480 மட்டுமே. பின்வந்த சிறு மடிக்கணினிகள் பலவற்றிலே 1024 × 600. அவற்றில் அதற்குமேல் தெளிவை எதிர்பார்ப்பது நியாயமன்று. இயந்திரத்தின் மாதிரி இலக்கத்தைக் கொண்டு திரையின் உண்மையான அளவை முதலில் அறிந்துகொண்டால், வீண் முயற்சி தவிரும்.

முடிவாக, இவ்வேலையில் இறங்குவோருக்கு மூன்று யோசனைகள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றத்தையே செய்யுங்கள். இரண்டை ஒருங்கே செய்தால், பயன் தந்தது எதுவென்று தெரியாமற் போகும். செய்வதற்குமுன் இருந்த நிலையைக் கொப்பியொன்றில் எழுதிவையுங்கள். புதிய லினக்ஸ் பதிப்பொன்றை யூ.எஸ்.பி. தடியில் ஏற்றி, நிறுவாமலே தொடக்கிப் பாருங்கள். அதிலே திரை தெளிவாகத் தோன்றினால், திரையில் யாதொரு குறையும் இல்லை என்பது அந்தக் கணமே உறுதியாகிவிடும்.

உங்கள் வீட்டு அலுமாரியிலோ, பாடசாலைக் களஞ்சிய அறையிலோ, "திரை பழுது" என்ற தாளோடு ஒரு மடிக்கணினி கிடக்குமாயின், அதனைக் கழிப்பதற்குமுன் ஒரு முறை திறந்து, அதன் திரையில் ஒரு வட்டத்தை வரைந்து பாருங்கள். வட்டம் சீராக அகன்று தோன்றுமாயின் அந்தத் தாளைக் கிழித்துவிடலாம். அந்தக் கணினிக்காக ஒரு பிள்ளை எங்கேனும் காத்திருக்கக்கூடும்.